ஒரு கூறு மீனின் கணக்கு

ஒரு பொருளை வாங்குவது பணத்தைக் கொடுத்துச் சரக்கைப் பெறும் ஒரே செயலாகத் தோன்றும். ஆனால் அதற்குள் பல முடிவுகள் அடங்கியிருக்கின்றன. எதை வாங்குவது, யாரிடம் வாங்குவது, எவ்வளவு வாங்குவது, சொன்ன விலையை ஏற்பதா, வேறு கடைக்குப் போவதா என்ற கேள்விகளுக்கு வாங்குபவர் சில விநாடிகளில் விடை கண்டுவிடுகிறார். அந்த விடைகள் எங்கிருந்து வருகின்றன, அவற்றின் விளைவுகள் எவ்வளவு தூரம் போகின்றன என்பதைப் பொருளியலும் உளவியலும் சேர்ந்து ஆராய்கின்றன.

இந்த ஆய்வுக்கு மீன் மிகப் பொருத்தமான பொருள். சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் உறை உண்டு. உறையின் மேல் எடை, விலை, தயாரித்த நாள், காலாவதி நாள் எல்லாம் அச்சாகியிருக்கும். தரையில் கூறு கட்டி வைத்த மீனுக்கு அவை எதுவும் கிடையாது. வாங்குபவர் தன் கண்ணையும் விரலையும் பழக்கத்தையும் விற்பவர் மேலுள்ள நம்பிக்கையையும் மட்டுமே கொண்டு முடிவெடுக்க வேண்டும். மனித மனம் எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பது இங்கே மறைப்பின்றித் தெரிகிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரை சுமார் 42 கிலோமீட்டர் நீளம் கொண்டது. வடக்கே கட்டுமாவடியில் தொடங்கும் இந்தக் கரையில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, வட்டத் தலைமையிடமான மணமேல்குடி இருக்கிறது. அதற்குத் தெற்கே அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று மீன்பிடி ஊர்கள் தொடர்கின்றன. எதிரே இருப்பது பாக் விரிகுடா. காரல், சூடை, மடவை, கிழங்கான், ஓரா, பாறை, விளைமீன், திருக்கை, கணவாய், நீலக்கால் நண்டு, இறால் எனப் பலவகை உணவு இந்தக் கடலிலிருந்து கரையேறி, அறந்தாங்கி வழியாக உள்நாட்டுச் சமையலறைகளுக்குப் போகிறது.

முடிவு பிறக்கும் விதம்

பழைய பொருளியல் நூல்களில் வரும் நுகர்வோர் எல்லாப் பொருள்களையும் ஒப்பிட்டு, எல்லா விலைகளையும் அறிந்து, தனக்கு மிகுந்த பயன் தருவதைத் தேர்ந்தெடுப்பவர். அப்படி ஒருவர் மீன் வாங்கக் கிளம்பினால் கரையிலுள்ள எல்லாக் கூறுகளையும் பார்த்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1950களில் இதற்கு மாற்றான விளக்கம் தந்தார். மனிதருக்கு நேரமும் அறியும் திறனும் வரம்புக்குட்பட்டவை. அதனால் அவர்கள் மிகச் சிறந்ததைத் தேடுவதில்லை. தேவைக்குப் போதுமானது கண்ணில் பட்டதும் தேடலை நிறுத்திவிடுகிறார்கள். இந்தச் சிந்தனைக்கு 1978இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

தேடலைச் சுருக்கும் முதல் கருவி பழக்கம். மனிதரின் அன்றாடச் செயல்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், யோசிக்காமல் அதே இடத்தில் அதே மாதிரி செய்யப்படுபவை என்று நாட்குறிப்பு முறையில் நடந்த உளவியல் ஆய்வுகள் காட்டுகின்றன. ஞாயிற்றுக்கிழமைக்கு ஆட்டுக்கறி, புதன்கிழமைக்கு மீன், குழம்புக்கு இன்ன மீன், வறுவலுக்கு இன்ன மீன் என்ற வீட்டு வழக்கங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. இவை சோம்பலின் அடையாளங்கள் அல்ல. ஒவ்வொரு வேளையும் புதிதாக யோசிக்கும் சுமையைக் குறைப்பவை. ஆனால் கடலில் நிலைமை மாறும்போது பழக்கம் தானாக மாறுவதில்லை.

இரண்டாவது கருவி முதலில் காதில் விழும் விலை. டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1974இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனை விவரிக்கப்பட்டது. எண்கள் எழுதிய சக்கரம் ஒன்றைச் சுழற்றிவிட்டு, ஐக்கிய நாடுகள் சபை உறுப்பினர்களில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை விழுக்காடு என்று கேட்டார்கள். சக்கரம் 10இல் நின்றவர்களின் மதிப்பீட்டில் இடைநிலை எண் 25. 65இல் நின்றவர்களுக்கு அது 45. கேள்விக்கும் சக்கரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆயினும் முதலில் பார்த்த எண் மனத்தை நங்கூரம் போலப் பிடித்துக்கொண்டது. மீன் பேரத்திலும் இதுவே நடக்கிறது. கூறு 500 ரூபாய் என்று தொடங்கி 350க்கு முடிந்தால் லாபம் என்ற நிறைவு வருகிறது. அதே கூறு 300இல் தொடங்கியிருந்தால் 350 என்ற எண்ணே பேச்சில் எழுந்திருக்காது.

கூறு என்ற அளவே தேர்வைப் பாதிக்கிறது. கிலோக் கணக்கில் விற்கும்போது வாங்குபவர் விலையை ஒப்பிடுகிறார். கூறாக விற்கும்போது குவியலின் உயரத்தையும் மேலே வைத்திருக்கும் மீன்களின் பருமனையும் பார்க்கிறார். பெரிய மீன் மேலேயும் பொடி மீன் அடியிலும் இருந்தால், கண்ணில் படுவது மேலே உள்ளது மட்டுமே. கூறில் வேறொரு நன்மையும் உண்டு. கையிலுள்ள ஐம்பது நூறு ரூபாய்க்கு ஏற்றபடி குவியலைப் பிரித்துத் தர முடிவதால், அன்றாடக் கூலியில் வாழும் குடும்பமும் அன்றைக்கு மீன் வாங்க முடிகிறது.

விலை சொல்வதும் சொல்லாததும்

தரத்தை நேரடியாக அறிய முடியாதபோது மனிதர்கள் விலையையே தரத்தின் அடையாளமாகக் கொள்கிறார்கள். வஞ்சிரம் விலை உயர்ந்தது, ஆகவே நல்லது. சூடை மலிவு, ஆகவே தாழ்ந்தது. விருந்தினர் வந்தால் சூடைக் குழம்பு வைக்க வீட்டார் கூசுவதற்குச் சுவை காரணமல்ல, இலையில் தெரியும் மதிப்பே காரணம். பிறர் பார்க்கச் செலவிடுவது மதிப்பைத் தேடித்தரும் வழி என்பதை தோர்ஸ்டீன் வெப்லன் 1899இலேயே விளக்கினார்.

சத்துக் கணக்கு இந்த வரிசையை ஏற்பதில்லை. மத்தி, சூடை போன்ற சிறு மீன்களில் இதயத்துக்கு நல்லதான ஒமேகா-3 கொழுப்பு நிறைவாக இருக்கிறது. நெத்திலி போன்றவற்றை முள்ளோடு மென்று உண்பதால் சுண்ணாம்புச் சத்தும் சேர்கிறது. துண்டு போட்ட பெரிய மீனில் முள்ளைத் தட்டில் ஒதுக்கிவிடுகிறோம்.

கிலோ விலையும் முழு உண்மையைச் சொல்வதில்லை. வாங்கும் எடை வேறு, உண்ணும் எடை வேறு. நண்டில் உண்ணத்தக்க சதை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். இறாலில் தலையும் ஓடும் போனால் பாதிக்குச் சற்று மேல் மிஞ்சும். ஒரு கணக்குக்காக, நண்டு கிலோ 400 ரூபாய் என்று கொண்டால் ஒரு கிலோ சதையின் விலை 1,200 ரூபாய் ஆகிறது. சிறு மீன் கிலோ 200 ரூபாய், கழிவு போக மூன்றில் இரண்டு பங்கு உணவு என்று கொண்டால் ஒரு கிலோ உணவின் விலை 300 ரூபாய். சந்தையில் இரண்டு மடங்காகத் தெரிந்த வேறுபாடு தட்டில் நான்கு மடங்காகிறது.

பெயருக்கும் விலையில் பங்குண்டு. தென் அமெரிக்காவின் தென்கோடிக் கடலில் வாழும் ஒரு மீனுக்குப் ‘பல்மீன்’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் இருந்தது. லீ லான்ட்ஸ் என்ற அமெரிக்க வணிகர் 1977இல் அதற்குச் ‘சிலி நாட்டுக் கொடுவா’ என்ற பொருளில் புதுப் பெயர் சூட்டினார். அது கொடுவா இனமே அல்ல. ஆனால் புதுப் பெயரில் அது உயர்தர உணவகங்களின் விருப்ப மீனாகி, 1990களில் திருட்டு மீன்பிடிப்பால் நலிவடையும் அளவுக்குத் தேவை பெருகியது. மீனின் சதையில் எந்த மாற்றமும் இல்லை. வாங்குபவர் மனத்திலிருந்த படம் மட்டுமே மாறியது.

மூன்று வகைத் தரம்

ஒரு பொருளின் தரத்தைப் பொருளியலார் மூன்றாகப் பிரிக்கிறார்கள். வாங்கும் முன்பே பார்த்து அறியக்கூடியது முதல் வகை. பயன்படுத்திய பிறகே தெரிவது இரண்டாம் வகை. இவ்விரண்டையும் பிலிப் நெல்சன் 1970இல் வேறுபடுத்தினார். பயன்படுத்திய பிறகும் வாங்கியவரால் கண்டுபிடிக்க முடியாத மூன்றாம் வகையை 1973இல் டார்பியும் கார்னியும் சேர்த்தார்கள். அதில் விற்பவர் சொல்லை நம்புவதைத் தவிர வழியில்லை.

மீனின் இனமும் அளவும் முதல் வகை. சுவை இரண்டாம் வகை. அது எந்த வலையில் பிடிபட்டது, எத்தனை நாள் ஐஸில் கிடந்தது, ஏதேனும் மருந்து தெளிக்கப்பட்டதா என்பவை மூன்றாம் வகை. பொறுப்பான கொள்முதல் என்று பேசப்படுபவை பெரும்பாலும் இந்த மூன்றாம் வகையில்தான் இருக்கின்றன. வாங்குபவர் நல்லெண்ணம் உள்ளவராக இருந்தும் நல்ல தேர்வைச் செய்ய முடியாமல் போவதற்கு முதல் காரணம் இதுவே.

இந்த அறியாமை சந்தையையே கெடுக்கக்கூடியது. ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தையை வைத்து இதை விளக்கினார். நல்ல காரையும் ஓட்டைக் காரையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாவிட்டால், அவர் இரண்டுக்கும் நடுவான விலையே தருவார். அந்த விலை நல்ல காரின் சொந்தக்காரருக்குக் கட்டாது. அவர் சந்தையை விட்டு விலகுவார். கடைசியில் ஓட்டைக் கார்களே மிஞ்சும். இந்த விளக்கமும் 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்கக் காரணமானது. மீனுக்கு வைத்துப் பார்த்தால், காசு செலவழித்து ஐஸ் போட்டு மீனைக் காப்பவருக்கும் போடாதவருக்கும் ஒரே விலை கிடைக்குமானால், ஐஸ் போடுபவர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்?

தமிழ்நாட்டு ஊர்களில் இந்தச் சீர்கேட்டைத் தடுத்து நிறுத்துவது வாடிக்கை. தலைச்சுமையாகவோ பேருந்திலோ மீன் கொண்டுவரும் பெண் அதே தெருவுக்கு நாளையும் வர வேண்டும். இன்று கெட்ட மீனை விற்றால் நாளை வாசல்கள் திறக்கா. வாங்கும் வீட்டுக்கும் இதில் கட்டுப்பாடு உண்டு. கடன் சொன்ன பணத்தைக் கொடுத்தால்தான் அடுத்த முறை நல்ல மீன் எடுத்து வைக்கப்படும். கடைசியில் கூடையிலிருந்து எடுத்துப் போடும் கொசுறு, இந்த உறவு நீடிக்கிறது என்பதை இரு தரப்புக்கும் உறுதிசெய்யும் சிறு செயல்.

மூன்றாம் வகையை முதல் வகையாக்கும் அறிவு

எது கண்ணுக்குத் தெரியும், எது தெரியாது என்ற எல்லை நிலையானதல்ல. அறிவு கூடும்போது அது நகர்கிறது. மீன் புதியதா பழையதா என்று அறிவதே இதற்குச் சான்று.

மீன் இறந்ததும் தசையிலுள்ள ஆற்றல் மூலக்கூறுகள் சிதையத் தொடங்குகின்றன. முதலில் உடல் விறைக்கிறது, பிறகு தளர்கிறது. செவுளிலும் குடலிலும் தோலிலும் இருந்த நுண்ணுயிரிகள் சதைக்குள் புகுகின்றன. கடல் மீன்கள் உப்பு நீரின் அழுத்தத்தைச் சமாளிக்க உடலில் மணமற்ற ஒரு சேர்மத்தை வைத்திருக்கின்றன. நுண்ணுயிரிகள் அதை டிரைமெத்தில்அமீன் என்ற பொருளாக மாற்றுகின்றன. பழைய மீனின் கவிச்சி வாடை அதுதான். ஆகவே புது மீனில் கடல் நீரின் மணம் இருக்கும், கவிச்சி இருக்காது. கண் புடைத்துத் தெளிவாக இருக்கும், செவுள் சிவந்திருக்கும், விரலால் அழுத்திய பள்ளம் உடனே நிரம்பும்.

இந்தச் சோதனை எல்லா மீனுக்கும் ஒன்றுபோல் பொருந்தாது. சுறா, திருக்கை ஆகியவற்றின் உடலில் யூரியா மிகுதி. சற்று நேரத்திலேயே அது அம்மோனியாவாக மாறி மூக்கைத் துளைக்கும். சூரை, அயிலை போன்ற மீன்களை வெயிலில் வைத்திருந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகிறது. உண்டவருக்கு முகம் சிவந்து உடல் தடிக்கும். சமைத்தாலும் அது அழிவதில்லை. இதைத் தடுக்கக்கூடியது, பிடித்த நேரம் முதல் தொடர்ந்து ஐஸில் வைப்பது மட்டுமே. ஐஸில் வைத்த மீன் பழைய மீன் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் சில மணி நேரம் வெளியில் கிடந்த மீனைவிட, பிடித்தவுடன் ஐஸில் போட்டுச் சில நாள் ஆன மீனே பாதுகாப்பானது.

அறிவு போதாத இடமும் உண்டு. கேரளத்தில் 2018 ஜூனில் ‘ஆபரேஷன் சாகர் ராணி’ என்ற பெயரில் நடந்த சோதனைகளில், வெளிமாநிலங்களிலிருந்து வந்த மீனில் ஃபார்மலின் கலந்திருந்தது தெரிந்து, ஆயிரக்கணக்கான கிலோ பறிமுதல் செய்யப்பட்டது. பிணத்தைக் கெடாமல் வைக்கப் பயன்படும் இந்தக் கரைசலிலுள்ள ஃபார்மால்டிஹைடு, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று உலக நலவாழ்வு அமைப்பைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. இதைக் கண்ணால் காண முடியாது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் சில நிமிடங்களில் நிறம் மாறிக் காட்டும் சோதனைத் தாளை உருவாக்கியது இதனால்தான். வாங்குபவரின் கண் எட்டாத இடத்துக்கு ஆய்வகமும் அரசும் எட்ட வேண்டியிருக்கிறது.

கிழமை என்ற முத்திரை

ஒரு மீன் எப்படிப் பிடிபட்டது என்பது ஏன் முக்கியம்? பாக் விரிகுடா மிக ஆழம் குறைந்த கடல். பெரும்பகுதியில் ஆழம் பதினைந்து மீட்டரைத் தாண்டாது. அதனால் வெயில் தரை வரை இறங்கி, கடற்புல் வெளிகள் செழிக்கின்றன. இறாலும் நண்டும் பலவகை மீன்களும் குஞ்சுப் பருவத்தைக் கழிப்பது அங்கேதான். ஓரா மீன் அதில் மேய்கிறது. ஆவுளியா என்று மீனவர் சொல்லும் கடற்பசுவும் அதையே உண்டு வாழ்கிறது. அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரை, மணமேல்குடிக் கரையையும் உள்ளடக்கிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்கென்று அமைந்த முதல் பாதுகாப்பகம் இது.

விசைப்படகின் இழுவைமடி கடல் தரையைச் சுரண்டிச் செல்கிறது. குறிவைத்த இறாலோடு, சிறு காரல், குஞ்சு மீன், சிப்பி எல்லாம் வருகின்றன. விலை போகாத இந்தப் பொடிசுக்குப் பாக் விரிகுடாக் கரையில் சங்காயம் என்று பெயர். அது காய்ந்து, அரைபட்டு, மீன்தூளாகிக் கோழித் தீவனத்திலும் இறால் தீவனத்திலும் சேர்கிறது. மீனே வாங்காத வீடும் முட்டை வழியாக இந்தக் கடலோடு தொடர்பு கொண்டிருக்கிறது. சங்காயத்துக்கு விலை கிடைப்பதால், குஞ்சு மீனை அள்ளுவதும் வருவாயாகிவிடுகிறது.

நாட்டுப்படகுகள் பெரும்பாலும் செவுள்வலை, நண்டுவலை, தூண்டில் ஆகியவற்றைப் பயன்படுத்துகின்றன. வலைக்கண்ணின் அளவுக்கு ஏற்ற மீனே செவுள்வலையில் சிக்கும், சிறியது நழுவிவிடும். இந்த இரு வகைப் படகுகளும் மோதிக்கொள்ளாமல் இருக்கப் பாக் விரிகுடாவில் வாரத்தையே பங்கிட்டிருக்கிறார்கள். விசைப்படகுகளுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாள். வழக்கமாகத் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் விசைப்படகுகள் கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை திரும்புகின்றன.

இந்த ஏற்பாட்டை அறிந்தவருக்குக் கிழமையே ஒரு முத்திரையாகிவிடுகிறது. செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில் வரும் மீனில் இழுவைமடி மீன் மிகுதியாக இருக்கும். மற்ற நாள்களில் உள்ளூரில் வரும் மீனில் நாட்டுப்படகு மீன் மிகுதி. மீனின் உடலும் சேதி சொல்லும். செவுள்வலையில் சிக்கிய மீனின் கழுத்தைச் சுற்றி நூல் பதிந்த தடம் இருக்கும். தூண்டில் மீனின் வாயோரத்தில் காயம் இருக்கும். மடிக்குள் மற்ற மீன்களோடு நசுங்கி வந்ததில் செதில் உதிர்ந்திருக்கும். அச்சிட்ட சீட்டு இல்லாமலே மூன்றாம் வகைத் தரம் இங்கே முதல் வகையாக மாறுகிறது.

மாதமும் இப்படிப்பட்ட முத்திரையே. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் பருவத்தைக் கருதி, கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. தமிழ்நாட்டில் 2001இல் 45 நாளாகத் தொடங்கிய தடை 2017இல் 61 நாளானது. அக்காலத்தில் நாட்டுப்படகு மீனே உள்ளூர் மீன். வஞ்சிரமோ பெரிய இறாலோ தாராளமாகக் கிடைத்தால் அது மேற்குக் கரையிலிருந்தோ குளிர்பதனக் கிடங்கிலிருந்தோ வந்திருக்கும். மேற்குக் கரையின் தடை ஜூன், ஜூலையில் வருவதால் இரு கரைகளும் மாறி மாறி ஒன்றுக்கொன்று மீன் அனுப்பிக்கொள்கின்றன.

தடைக்கால விலையேற்றத்தை வாங்குபவர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதையும் ஆய்வு விளக்குகிறது. கானமன், நெட்ஷ், தேலர் ஆகிய மூவரும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், பனிப்புயலுக்கு மறுநாள் பனி அள்ளும் மண்வெட்டியின் விலையைக் கடைக்காரர் 15 டாலரிலிருந்து 20 டாலராக ஏற்றுவது நியாயமா என்று கேட்டார்கள். 82 விழுக்காட்டினர் நியாயமில்லை என்றனர். ஆனால் கடைக்காரரின் சொந்தச் செலவு கூடியதால் விலை ஏறினால் அதை மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஏலத்திலேயே அதிக விலை கொடுத்து மீன் எடுத்த பெண்ணிடம் காரணத்தைக் கேட்டறிந்த பிறகு பேரத்தின் குரல் தணிவது இதனால்தான்.

நண்டின் அடிவயிறு

நீலக்கால் நண்டு இந்தக் கரையின் முக்கிய ஏற்றுமதிச் சரக்கு. அதன் சதை அவித்துப் பிரிக்கப்பட்டு வெளிநாடு போகிறது. உள்ளூரிலும் நண்டுக்கு வரவேற்பு உண்டு; முட்டை தாங்கிய நண்டைத் தேடி வாங்குபவர்களும் இருக்கிறார்கள். ஆண் நண்டு நீல நிறத்தில், அடிவயிற்று மடல் குறுகலாக இருக்கும். பெண் நண்டு பசுமை கலந்த பழுப்பு நிறத்தில், மடல் அகன்று இருக்கும். சினைப்பட்ட பெண்ணின் மடலுக்கு வெளியே முட்டைத் திரள் பஞ்சு போல ஒட்டியிருக்கும். ஒரு நண்டு ஒரு முறை தாங்கும் முட்டைகள் லட்சக்கணக்கில் இருக்கும். அந்த நண்டைப் பிடித்தால் அவை பொரியாமலே போகும்.

அளவும் அதே முக்கியத்துவம் உடையது. ஒரு முறையேனும் இனப்பெருக்கம் செய்யும் முன் பிடிபட்ட மீன் தன் இடத்தை நிரப்பாமல் போகிறது. கேரளம் 58 கடல் இனங்களுக்குப் பிடிக்கத்தக்க குறைந்த அளவைச் சட்டமாக்கியிருக்கிறது. மத்திக்கு 10 சென்டிமீட்டர், அயிலைக்கு 14 சென்டிமீட்டர். ஒரு சாண் நீளம் சுமார் 20 சென்டிமீட்டர் என்பதால், வாங்குபவரின் கையே இதற்கு அளவுகோல். கடல் அட்டை, கடற்குதிரை போன்றவற்றை எந்த அளவிலும் பிடிப்பதும் விற்பதும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

எந்த மீனை உண்பது என்பதிலும் கடலின் கணக்கு உண்டு. உணவுச் சங்கிலியில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆற்றலே கடக்கிறது. வஞ்சிரம் ஒரு கிலோ வளர, பல கிலோ சிறு மீன் அதற்கு இரையாக வேண்டும். சூடையும் மத்தியும் மிதவை உயிரிகளை உண்டு, வேகமாக வளர்ந்து, சீக்கிரம் பெருகுபவை. அளவறிந்து பிடித்தால் அவை குறைந்த சுமையில் நிறைய உணவைத் தருகின்றன. பல இனங்களை மாற்றி மாற்றி வாங்கும் வீடு, ஓரிரு இனங்களின் மேல் விழும் அழுத்தத்தைப் பரவலாக்குகிறது.

செய்தி நகர்ந்தால் சந்தை மாறும்

தகவல் கிடைத்தால் சந்தை எவ்வளவு மாறும் என்பதற்கு வட கேரளத்தின் மத்திச் சந்தைகள் நல்ல சான்று. பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1997 ஜனவரி 14 அன்று வடகரையில் பதினொரு மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் பிடித்த மீனைக் கொட்டவிருந்தார்கள். அதே நேரத்தில் பதினைந்து கிலோமீட்டருக்குள் மீன் வாங்க வந்த 27 பேர் மீன் கிடைக்காமல் திரும்பவிருந்தார்கள். அந்த ஆண்டு முதல் கைப்பேசி படிப்படியாக வந்தது. கடலிலிருந்தபடியே எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்டு மீனவர்கள் படகைத் திருப்பினார்கள். மீன் வீணாவது ஏறக்குறைய நின்றது. மீனவரின் லாபம் 8 விழுக்காடு கூடியது. வாங்குபவர் தந்த விலை 4 விழுக்காடு குறைந்தது.

விலைச் செய்தியைப் போலவே பிடிப்புமுறைச் செய்தியையும் வாங்குபவரிடம் சேர்க்கும் முயற்சியே சான்றிதழ் முத்திரை. கொல்லம் அஷ்டமுடிக் காயலின் மட்டி, 2014இல் கடல்வள மேற்பார்வை மன்றத்தின் சான்றைப் பெற்றது. இந்திய மீன்வளத்தில் அப்படிப்பட்ட சான்று அதுவே முதல். ஏற்றுமதிச் சரக்குக்கு இத்தகைய முத்திரை பயன்படும். உள்ளூர்ச் சந்தையின் கூறு மீனுக்கு முத்திரை ஒட்ட முடியாது. அங்கே கிழமை, மாதம், மீனின் உடல், விற்பவரின் சொல் ஆகிய நான்குமே முத்திரை.

எண்ணமும் செயலும்

சரியானது எது என்று தெரிந்தும் அதைச் செய்யாமல் இருப்பது எல்லா நாட்டு நுகர்வோரிடமும் காணப்படுகிறது. சுற்றுச்சூழலுக்கு உகந்ததை வாங்குவோம் என்று கருத்துக் கேட்பில் சொல்பவர்களில் சிலரே கடையில் அதைச் செய்கிறார்கள். காரணம் பாசாங்கு அல்ல. கருத்துக் கேட்கும்போது மனம் ஆற அமர இருக்கிறது. கடையில் அவசரம், கூட்டம், பையிலுள்ள பணம், வீட்டில் காத்திருக்கும் அடுப்பு எல்லாம் சேர்கின்றன. அப்போது எது எளிதோ அதுவே நடக்கும்.

ஆகவே நல்ல தேர்வை எளிதாக்குவதே பயன்தரும் வழி. இங்கிலாந்தில் 2015 அக்டோபரில் பிளாஸ்டிக் பைக்கு ஐந்து பென்ஸ் கட்டணம் வைத்தார்கள். பெரிய அங்காடிகளில் அதன் பயன்பாடு சில ஆண்டுகளில் 95 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. மக்களின் எண்ணத்தை மாற்றிய பிரசாரத்தைவிட, இலவசமாகத் தானே வந்துகொண்டிருந்த பை கேட்டால் மட்டும் வரும் பையாக மாறியதுதான் வேலை செய்தது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. பனை மிகுந்த மணமேல்குடிப் பகுதியில் ஒரு காலத்தில் மீன் பனையோலைக் கொட்டானில்தான் வீடு வந்தது. மீனுக்கென்று ஒரு மூடி போட்ட பாத்திரத்தை வாசலருகே வைத்திருக்கும் வீட்டில் பிளாஸ்டிக் பை வேண்டாம் என்ற முடிவை நாள்தோறும் எடுக்க வேண்டியதில்லை.

வாங்குபவரின் பங்கும் அதன் எல்லையும்

இதுவரை கண்டவற்றிலிருந்து பொறுப்பான கொள்முதல் சில எளிய கேள்விகளாகச் சுருங்குகிறது. இது எந்தக் கரை மீன்? எந்த வலை? இந்த மாதத்து மீனா? முட்டை தாங்கியதா, குஞ்சா? ஐஸில் இருந்ததா? எல்லாக் கேள்விக்கும் எல்லா நாளும் விடை கிடைக்காது. ஆனால் ஒரே கேள்வியைப் பல வீட்டார் திரும்பத் திரும்பக் கேட்டால், மறுநாள் ஏலத்தில் கூறெடுக்கும்போது விற்பவர் மனத்திலும் அந்தக் கேள்வி இருக்கும். கேள்வி கரை வரை பயணம் செய்வது இப்படித்தான்.

எடை விஷயத்தில் கேட்பது உரிமையாகவே இருக்கிறது. மின்னணுத் தராசு ஆண்டுக்கு ஒரு முறை சோதிக்கப்பட்டு முத்திரை பெற வேண்டும் என்பது சட்டமுறை எடையளவு விதி. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986இல் பிறந்தது. அதற்கு மாற்றான 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. வாங்கியவர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க அது வழி செய்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வாங்குபவரின் பையைக் கொண்டு மட்டும் கடலைக் காக்க முடியாது என்பதும் உண்மை. 2022-23ஆம் ஆண்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமக் குடும்பங்கள் தம் செலவில் ஏறத்தாழ 46 விழுக்காட்டை உணவுக்கே ஒதுக்கின. அந்த நெருக்கடியில் இருப்பவரிடம் விலை கூடிய மீனை வாங்கச் சொல்வது முறையல்ல. அவர் ஏற்கெனவே வாங்கும் சூடையும் காரலும் கடலுக்குச் சுமை குறைந்தவை என்பதைச் சொல்வதே முறை. வலைக்கண்ணின் அளவையும் தடைக்காலத்தையும் கண்காணிப்பது அரசின் கடமை. இழுவைமடியை விட்டு ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாறப் பாக் விரிகுடா மீனவர்களுக்கு 2017இல் மானியத் திட்டம் அறிவிக்கப்பட்டது. படகின் செலவும் புதிய தொழிலின் பயிற்சியும் கடனும் சேர்ந்த அந்த மாற்றத்தை மீனவர் தனியாகச் சுமக்க முடியாது. கரையில் நின்று கேள்வி கேட்கும் வாங்குபவராலும் அதை நடத்தி முடிக்க முடியாது. சட்டமும் திட்டமும் படகை மாற்ற வேண்டும். படகு மாறி வரும்போது அந்த மீனை அடையாளம் கண்டு வாங்கத் தெரிந்த வீடுகள் கரையில் இருக்க வேண்டும்.